ஊசி போடாத ஆள்

எங்கள் செவலை மாடு செத்தது ஆவணி மாதம் ஒரு புதன்கிழமை. அதற்கு மூன்று நாள் முன்பிருந்தே அது புல்லைத் தொடவில்லை. தண்ணீர் காட்டினால் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டது. வாயிலிருந்து எச்சில் கயிறு கயிறாக ஒழுகியது. கத்தப் பார்க்கும், குரல் தொண்டையிலேயே கரகரத்து நின்றுவிடும். மீனாட்சிபுரத்துப் பக்கம் ஆவணியில் ஒரு மாடு இப்படி நின்றால் யாரும் வேறெதையும் யோசிக்கமாட்டார்கள். பனம்பழம் விழுகிற காலம். மாடு பழத்தைச் சப்பிவிட்டுக் கொட்டையை விழுங்கும், அது தொண்டையில் சிக்கிக்கொள்ளும், கையை விட்டு எடுக்க வேண்டும். பிறந்ததிலிருந்து பார்த்துவருகிற சங்கதிதான்.

அந்த வேலைக்கு அப்புசாமியண்ணனை விட்டால் ஆள் கிடையாது. முப்பது ஏக்கர் தென்னந்தோப்பு வைத்திருக்கிற மனிதர், ஆனால் யார் வீட்டு மாடு என்று பார்க்கமாட்டார். கூப்பிட்டால் சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிடுவார். அதை நான் இன்றைக்கும் மறைத்துச் சொல்லமாட்டேன். அந்தத் திங்கட்கிழமையும் வந்தார். என் வீட்டுக்காரர் மாரப்பன் மாட்டின் வாயைப் பிளந்து நாக்கை ஒரு பக்கமாக இழுத்துப் பிடித்தார். நான் மூக்கணாங்கயிற்றைப் பிடித்தேன். அண்ணன் விளக்கெண்ணெய் தடவிய கையை முழங்கை வரைக்கும் உள்ளே விட்டார். இரண்டு தடவை விட்டும் கொட்டை தட்டுப்படவில்லை.

"எனக்குக் கை நீளமுங்ணா, நான் பாக்கறன்" என்று இவரும் விட்டார். மாடு கடைவாயை ஒரு நெரி நெரித்ததில் இவர் மணிக்கட்டில் தோல் கிழிந்தது. அண்ணன் கையிலும் இரண்டு மூன்று கீறல். என்னை மாடு கடிக்கவில்லை. ஆனால் விரலில் அரிவாள் வெட்டு ஆறாமல் இருந்தது, எச்சில் முழுக்க என் கையில்தான் வழிந்தது.

மாடு செத்த அன்று பால் சங்கத்தில் சொல்லி மிருக டாக்டர் வந்தார். பாலக்காட்டுக்காரர், மலையாளமும் தமிழும் கலந்து பேசுவார். மாட்டைச் சுற்றிச் சுற்றி வந்தவர், ஒரு மாதத்துக்குள் நாய் எதுவும் கடித்ததா என்று கேட்டார். என் மகள் மருதாத்தாள்தான் பதில் சொன்னாள். கட்டுத்தரைக்குள் ஒரு நாய் புகுந்து செவலையின் காலைக் கவ்வியதையும், அவள் கல்லெடுத்து விரட்டியதையும். எங்களிடம் அன்றைக்கே சொல்லியிருக்கிறாள். நாங்கள்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"இது பனங்கொட்டை இல்லா. பேவிஷம், வெறிநாய்க்கடி" என்றார் டாக்டர். "வாயில கை விட்டவங்க எல்லாம் ஊசி எடுக்கணும். வயித்தைச் சுத்தி பதினாலு. நாளைக்கே துடங்கணும். பொள்ளாச்சி ஆசுபத்திரியில உண்டு."

இவர் கிழிந்த மணிக்கட்டைத் துண்டால் மூடிக்கொண்டார்.

இந்த இடத்தில் நாங்கள் சேர்ந்திருந்த இன்னொரு சங்கத்தைப் பற்றிச் சொன்னால்தான் மேற்கொண்டு புரியும். அதற்கு இரண்டு வருஷம் முன்னால், எமர்ஜென்சி நடந்துகொண்டிருந்தபோது, கன்றுக்குட்டியை விற்றுவிட்டு வந்துகொண்டிருந்த இவரை ரோட்டில் ஒரு வேன் நிறுத்தி ஏற்றிக்கொண்டு போனது. எந்த மாநிலத்து வேன் என்று என்னைக் கேட்காதீர்கள். எல்லையில் குடியிருக்கிறவர்களுக்கு இரண்டு பக்கமும் சொந்தம், இரண்டு பக்கமும் இடி. ஒரு பள்ளிக்கூடத்தில் பெஞ்சைச் சேர்த்துப் போட்டு, இவர் பெருவிரலில் மை தடவிக் காகிதத்தில் உருட்டிவிட்டு, குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் பண்ணி அனுப்பிவிட்டார்கள். எங்களுக்கு அப்போது ஒரே ஒரு பெண் குழந்தை. அந்தப் புண் சீழ் வைத்து இரண்டு மாதம் படுத்துக் கிடந்தார். எழுந்த பிறகும் விலாவுக்குக் கீழே யார் கையும் பட விடமாட்டார். முதுகு தேய்க்கப் போனால்கூட என் கையைத் தட்டிவிடுவார். முப்பத்திரண்டு வயசு மனிதர், ஊருக்குள் போகவே கூச்சப்பட்டுக்கொண்டு கட்டுத்தரையே கதியென்று கிடந்தார்.

தேர்தல் முடிந்து ஆட்சி மாறியதும் சின்னையன் வந்தார். கோயமுத்தூரில் அச்சாபீஸில் வேலை பார்த்தவர், வார்த்தைகளை எண்ணி எடுத்துப் பேசுவார். எங்கள் கட்டுத்தரையில் சாணிக்கு நடுவில் குந்த வைத்து உட்கார்ந்து, "உங்களுக்கு நடந்தது அநியாயமுங்க மாரப்பா. இதுல உங்க தப்பு ஒண்ணுமில்லை. தலையை நிமித்தி நடங்க" என்றார். அன்றைக்குத்தான் இவர் முதல்முதலாக அழுதார். அந்த ஒரு வார்த்தைக்காக இவர் சின்னையனுக்குச் செருப்பாக உழைத்திருப்பார். நானும்தான்.

உடல் சுதந்திரச் சங்கம் என்று பெயர். அப்புசாமியண்ணன் தலைவர், சின்னையன் செயலாளர். முதலில் கட்டாய ஆபரேஷனைத்தான் எதிர்த்தோம். அது நியாயம், இப்போதும் சொல்வேன். பிறகு காலரா ஊசி வேண்டாம் என்றார்கள். பிறகு அம்மை குத்த வருகிறவர்களை விரட்டச் சொன்னார்கள். பிறகு கைக்குழந்தைகளுக்குப் போடுகிற ஊசியும் வேண்டாம் என்றானது. எந்த இடத்தில் நியாயம் முடிந்து வீம்பு ஆரம்பித்தது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை, ஏனென்றால் நானும் கூடவே நடந்து போனேன். நர்ஸம்மா வந்தால் வாசலில் நின்று சத்தம் போட்டுத் துரத்துகிற வேலை என்னுடையது. எனக்கு வாய் கொஞ்சம் நீளம், அதைச் சங்கத்துக்காரர்கள் நன்றாகவே பயன்படுத்திக்கொண்டார்கள். இனி உடம்பில் ஊசி ஏற்றுவதில்லை என்று மாரியம்மன் கோயிலில் எல்லோரும் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் பண்ணியிருந்தோம்.

அதனால்தான் மாடு செத்த அன்று பொழுதோடு, விளக்கு வைக்கிற நேரத்துக்கு, அப்புசாமியண்ணனின் தோட்டத்துச் சாளை வீட்டில் கூட்டம் போட்டார்கள். முப்பது பேர் இருக்கும். எல்லோரும் அண்ணனின் கையையும் இவர் கையையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அண்ணன் மனைவி சுப்பாத்தாள் கதவோரம் நின்று சேலை முந்தானையைக் கடித்துக்கொண்டிருந்தாள். சின்னையன் எழுந்து, இது நம் கொள்கைக்கு வந்த சோதனை என்றார்.

"நானுந்தான் கை உட்டன்" என்றார் அப்புசாமியண்ணன். "எனக்கென்ன ஆயிப்போச்சு? தழைச்சாறு குடிச்சாப் போவுது. ஊசிக்கு நான் போவமாட்டன்."

உடனே இவர் எழுந்தார். "அண்ணனுக்கு ஆவறது எனக்கும் ஆவட்டுமுங்க."

எல்லோரும் கை தட்டினார்கள். ஏதோ ஒரு தழையை அரைத்துச் சாறு கொடுத்தார்கள். வேப்பெண்ணெயே தேவலை என்கிற மாதிரி கசப்பு. நானும் குடித்தேன். அப்போது முக்கால்வாசி நம்பினேன். மீதிக் கால்வாசியை இவர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். எத்தனையோ நாளைக்குப் பிறகு அந்த மனிதர் முகத்தில் ஒரு பெருமை தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை மிருக டாக்டர் சைக்கிளை மிதித்துக்கொண்டு மறுபடி வந்தார். மாட்டுக்கு வைத்தியம் பார்க்கிறவருக்கு எங்களைத் தேடி வரவேண்டிய தலையெழுத்து இல்லை. இவர் பால் ஊற்றப் போயிருந்தார். யாரும் ஊசிக்குப் போகவில்லை என்று கேட்டதும் டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். அந்த நோய் மனிதனுக்கு வந்தால் எப்படி இருக்கும் என்று எனக்குச் சொன்னார். தண்ணீரைப் பார்த்தாலே தொண்டை இழுத்துக்கொள்ளும், தாகத்தில் துடிப்பார்கள், ஆனால் ஒரு மடக்கு இறங்காது, புத்தி தெளிந்து தெளிந்து கலங்கும், கட்டிப்போட வேண்டி வரும்.

"ஒரு மாசத்தில வரலாம், மூணு மாசத்தில வரலாம். வந்தா பின்ன தெய்வத்தாலயும் பற்றில்லா, முடியாது" என்றார். "வரும் முன்னே எடுத்தா ரட்சைப்படலாம்."

அவர் போனபிறகு குடத்திலிருந்து ஒரு சொம்பு தண்ணீர் மொண்டு குடித்துப் பார்த்தேன். இறங்கியது. சிரிக்காதீர்கள், அன்றைக்கு அப்படிப் பத்துத் தடவை குடித்துப் பார்த்தேன்.

மறுநாள் காலையில் இவரிடம் நேராகவே சொன்னேன், ஊசிக்குப் போகிறேன் என்று.

"கற்பூரம் அணைச்சவ நீ."

"ஆமாங்க."

"அப்பறம் எதுக்குப் போறே?"

"பயமா இருக்குதுங்க. நீங்களும் வாங்க."

இவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நான் ஒரு வழி பண்ணியிருப்பேன். "உனக்குப் பயம்னா நீ போயிட்டு வா. அண்ணன் ஒத்தை ஆளா நிக்கறப்போ நான் மட்டும் போனா, அவரு மொகத்துல எப்படி முழிக்கறது?" என்று சொல்லிவிட்டுத் தீவனம் வைக்கப் போய்விட்டார்.

பொள்ளாச்சி ஆசுபத்திரியில் சீட்டு எழுதி வாங்கிக்கொண்டு நாய்க்கடி ஊசிக்காரர்கள் உட்காரும் பெஞ்சில் ஓரமாக உட்கார்ந்தேன். சிறுபிள்ளைகள் அழுதுகொண்டிருந்தன. கம்பவுண்டர் நோட்டைப் பார்த்து வரிசையாகக் கூப்பிட்டுக்கொண்டே வந்தார்.

"மீனாட்சிபுரம் மாரப்பன்! அஞ்சாவது ஊசி!"

அட மனிதா, பால் ஊற்றப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத் தினமும் இங்கேதான் வந்துகொண்டிருக்கிறாயா! சந்தோஷத்தில் எனக்குக் கண் நிறைந்துபோனது. என்னிடம் மறைத்ததுகூடக் கோபமாக இல்லை. எழுந்து நின்று கூட்டத்தில் தேடினேன்.

தூண் மறைவிலிருந்து தலையில் துண்டைப் போர்த்தியபடி எழுந்து போனவர் அப்புசாமியண்ணன். கம்பவுண்டர் முன்னால் நின்று சட்டையைத் தூக்கினார். தொப்புளைச் சுற்றி நாலு இடம் சிவந்து வீங்கியிருந்தது. திங்கட்கிழமை ஐந்தாவது என்றால் வியாழக்கிழமை முதலாவது. புதன்கிழமை பொழுதோடு ஊசிக்குப் போவமாட்டன் என்று சொல்லிவிட்டு, விடிந்ததும் முதல் பஸ்ஸில் வந்திருக்கிறார்.

ஊசி போட்டுக்கொண்டு திரும்பியவர் என்னைப் பார்த்துவிட்டார். ஓடப் பார்க்கவில்லை. பக்கத்தில் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். முகம் வேர்த்திருந்தது.

"அம்மிணி, ஊர்ல சொல்லிப்போடாதே."

"நீங்க போட்டுக்கிட்டது தப்பில்லீங்ணா. எம் புருசன் பேரை எதுக்குங்க குடுத்தீங்க?"

"கேட்டாங்க. என்ற பேரைச் சொல்ல வாய் வல்லை. அவன் பேருதான் வாயில வந்துது."

"ஊசி உங்க வயித்துல, பேரு அவருதா? நல்லாருக்குதுங்ணா."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். நான் அவரை அந்த இடத்தில் வெறுக்கவில்லை. எனக்கு இருந்த அதே பயம்தான் அவருக்கும். ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். ஊருக்குச் சொல்ல வேண்டாம், சங்கத்துக்குச் சொல்ல வேண்டாம், இவர் காதில் மட்டும் ஒரு வார்த்தை, நானும் போட்டுக்கொண்டேன் மாரப்பா என்று சொன்னால் போதும், அடுத்த பஸ்ஸில் இவர் வந்துவிடுவார் என்றேன். "பொழுதோட வந்து சொல்றன் அம்மிணி, சத்தியமாச் சொல்றன்" என்று என் தலையில் கை வைக்க வந்தார். வேண்டாம் என்று நகர்ந்துகொண்டேன். அவர் சத்தியம் எனக்கு எதற்கு?

அன்று பொழுதோடு அவர் வரவில்லை. செவ்வாய்க்கிழமையும் வரவில்லை. ஆசுபத்திரிக்கும் எனக்கு முந்தைய பஸ்ஸில் போய்விட்டு வந்துவிடுகிறார் என்று தெரிந்தது. புதன்கிழமை, இவர் இல்லாத நேரமாகப் பார்த்து, சின்னையன் வந்தார். கையில் ஒரு கட்டு நோட்டீஸ்.

"அப்புசாமி எங்கிட்டச் சொன்னாருங்க" என்று அவரே ஆரம்பித்தார். "மனுசன் பலகீனப்பட்டுட்டாரு. உடுங்க. ஆனா ஊருக்குத் தெரிஞ்சா சங்கமே போச்சு. எமர்ஜென்சி நாளைக்கே திரும்பி வந்தா உங்க ஊட்டுக்காரரை மாதிரி ஆளுகளுக்கு ஆருங்க இருக்கறா?"

"அவரு உசுரோட இருந்தாத்தானுங்க அவருக்கு ஆரும் இருக்கோணும்? நீங்களே அவரைப் போகச் சொல்லுங்க. நீங்க சொன்னாக் கேப்பாரு."

சின்னையன் நோட்டீஸ் ஒன்றை உருவி என்னிடம் கொடுத்தார். ஐந்தாம் வகுப்பு வரைக்கும் படித்தவள் நான், எழுத்துக் கூட்டிப் படித்தேன். வெறிநோய் கண்ட மாட்டின் வாயில் கை விட்டும் ஊசி ஏற்றிக்கொள்ளாமல் நலமுடன் வாழும் மாவீரர் மீனாட்சிபுரம் மாரப்பன், வெள்ளிக்கிழமை வேலந்தாவளம் சந்தையில் நேரில் தோன்றுகிறார், அனைவரும் வருக. மேலும் கீழும் இரண்டு தடவை படித்தேன். கை விட்டது இரண்டு பேர். நோட்டீஸில் ஒரு பேர்தான் இருந்தது.

"அண்ணன் பேரைக் காணமுங்களே?"

"பொய்யை நான் அச்சடிக்கமாட்டனுங்க அம்மிணி" என்றார் சின்னையன். அதைப் பெருமையாகவேறு சொன்னார்.

அப்போதுதான் எனக்கு முழுசாக விளங்கியது. சங்கத்துக்கு நிஜமாகவே ஊசி போடாத ஆள் ஒருத்தர் வேண்டும். தலைவர் உதவமாட்டார், அவர் ஏழு போட்டுக்கொண்டாயிற்று. நான் உதவமாட்டேன். மிச்சம் இருக்கிறது என் புருஷன் ஒருத்தர்தான். அவர் பிழைத்தால் நோட்டீஸுக்கு ஆயிற்று. செத்தால்? அதையும் கேட்டேன்.

"அப்படியெல்லாம் ஆவாதுங்க. நூத்துக்கு எத்தனையோ பேருக்கு வராமயே போவுதுன்னு படிச்சிருக்கறன்" என்றார்.

"அப்ப உங்க கையை ஒரு வெறிமாட்டு வாயில உட்டுட்டு வந்து சொல்லுங்க" என்றேன். நோட்டீஸ் கட்டைத் தூக்கி வாசலுக்கு வீசினேன். அவர் ஒவ்வொன்றாகப் பொறுக்கி, மண்ணைத் தட்டி அடுக்கிக்கொண்டு போனார்.

பொழுதோடு இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில், "என்ற பேர்ல அண்ணன் ஊசி போட்டுக்கிட்டாரா? ஏம் புள்ள, சொல்றதுக்கு ஒரு நாயம் வேண்டாமா?" என்றார். உண்மை சில நேரம் அப்படித்தான், இட்டுக்கட்டிய கதையை விடக் கேவலமாக இருக்கும். இருந்தாலும் மறுநாள் காலை அண்ணன் தோட்டத்துக்குப் போய் முகத்துக்கு நேராகக் கேட்டிருக்கிறார். திரும்பி வந்தவர் என்னோடு பேசவே இல்லை. மருதாத்தாள்தான் வந்து சொன்னாள்: "அப்புசாமி மாமன் எனக்கெதுக்கு ஊசின்னு கேட்டாங்களாமா. நீ பொய் சொல்றயாமா."

படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில் என்பார்கள். எனக்கு அன்றைக்கு அதைவிட மோசமாக வாயில் வந்தது. மகள் நிற்கிறாளே என்று விழுங்கிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை பொள்ளாச்சியில் என் ஐந்தாவது ஊசியைப் போட்டுக்கொண்டு, இரண்டு பஸ் மாறி வேலந்தாவளம் போனேன். ஊசி போட்ட இடம் ஒவ்வொன்றும் கட்டி மாதிரி கல்லாகியிருந்தது. பஸ் குலுங்கும்போதெல்லாம் உயிர் போய் வந்தது. ஐந்துக்கே இப்படியென்றால் ஒன்பதுக்கு எப்படி இருக்கும் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததில்தான் எனக்கு யோசனை வந்தது.

சந்தையில் மாடுகளும் தரகர்களும் புழுதியுமாக நல்ல கூட்டம். நடுவில் ஒரு மாட்டு வண்டியை அவிழ்த்துவிட்டு அதையே மேடையாக்கியிருந்தார்கள். இவர் கழுத்தில் மாலையோடு நின்றுகொண்டிருந்தார், வெளுத்த வேட்டி, நிமிர்ந்த தலை. பக்கத்தில் அப்புசாமியண்ணன், வேட்டியை வழக்கத்துக்கு மாறாக இடுப்புக்குக் கீழே தளர்த்திக் கட்டியிருந்தார். சின்னையன் மெகாபோனில் பேசிக்கொண்டிருந்தார். மலைமேல் சாந்தன்பாறை ஏலக்காய்த் தோட்டம் வரைக்கும் போய்ப் பேசி எடுபட்ட பேச்சு அது, தரகர்கள்கூடக் கைத்துண்டுக்கடியில் விரலைத் தொட்டு விலை பேசுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் வண்டிச் சக்கரத்தில் கால் வைத்து ஏறினேன். பேச்சு நின்றது. இவர் "இறங்கு புள்ள" என்று பல்லைக் கடித்தார்.

"ஒரு நிமிசமுங்க" என்றேன். கீழே நின்ற தரகர்களைப் பார்த்துக் கேட்டேன். "மாட்டுல சொத்தை இருக்குதா இல்லையான்னு நீங்க எப்படிங்க பாப்பீங்க? வித்தவன் சொல்றதைக் கேட்டா, தொட்டுப் பாத்தா?"

"தொட்டுத்தான்" என்றான் ஒருத்தன். சிரிப்பு எழுந்தது.

அப்புசாமியண்ணன் பக்கம் திரும்பி, ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் சேர்த்து, அவர் தொப்புளுக்குப் பக்கத்தில் ஒரு அமுக்கு அமுக்கினேன். பலமாக இல்லை, கன்றுக்குட்டிக்கு வயிறு நிறைந்திருக்கிறதா என்று பார்ப்போமே, அவ்வளவுதான். கல்யாணமான பெண் நடுச்சந்தையில் அந்நிய ஆண்பிள்ளையின் வயிற்றைத் தொட்டது எங்கள் பக்கத்தில் அதுதான் முதலும் கடைசியுமாக இருக்கும். "ஐயோ அம்மா!" என்று அலறிக்கொண்டு அவர் இரண்டாக மடிந்து வண்டியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

கூட்டத்தில் முதலில் சிரிப்பு, பிறகு சிரிப்பு நின்றுபோனது. மாட்டைத் தொட்டுப் பார்த்தே பிழைக்கிறவர்களுக்கு விளக்கிச் சொல்லத் தேவையில்லை. சின்னையன் மெகாபோனைத் தூக்கி ஏதோ சொல்ல வந்தார், யாரும் அவரைப் பார்க்கவில்லை. எல்லோரும் இவரைப் பார்த்தார்கள்.

இவர் அண்ணன் பக்கத்தில் குந்த வைத்து உட்கார்ந்தார்.

"எத்தனைங்ணா?"

அப்புசாமியண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டே, "ஒம்பது" என்றார்.

"என்ற பேர்லயா?"

அவர் தலையாட்டினார். "பயம் மாரப்பா. பயத்துல பண்ணிப்போட்டன்."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமுங்க" என்றார் இவர். "நானும் பயந்துட்டுத்தான் இருந்தன்."

எனக்கு அந்த இடத்தில் நின்று கேட்க முடியவில்லை. பத்து நாளாக இந்த மனிதர் என் பக்கத்தில் பயந்துகொண்டு படுத்திருக்கிறார், நான் பெருமையில் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். இவர் மாலையைக் கழற்றி வண்டிக் கட்டையில் வைத்துவிட்டு இறங்கினார். பஸ் நிற்கிற இடம் வரைக்கும் என் முன்னால் நடந்தார்.

இவர் பிழைத்தாரா என்று கேட்பவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன், பிழைத்தார். நானும் பிழைத்தேன், அப்புசாமியண்ணனும் பிழைத்தார். சங்கமும்தான் பிழைத்தது. நான் ஆசுபத்திரிக்காரர்களிடம் காசு வாங்கிக்கொண்டு வந்து கூட்டத்தைக் கலைத்தேன் என்று சின்னையன் மலைப்பக்கத்துத் தோட்டங்களில் இன்னும் ஒரு வருஷம் பேசிக்கொண்டிருந்தார். பேசட்டும். எனக்கு மறக்காமல் இருப்பது மறுநாள் காலை.

சனிக்கிழமை பொள்ளாச்சியில், கடி பட்டுப் பன்னிரண்டு நாள் ஆகிவிட்டது என்று கேட்டதும் ஆசுபத்திரி டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் திட்டு திட்டென்று திட்டினார். கம்பவுண்டர் நோட்டைப் புரட்டி, "மீனாட்சிபுரம் மாரப்பனா? ஒம்பது போட்டாச்சே?" என்று நிமிர்ந்து பார்த்தார்.

"அது நானில்லீங்க. நான் இன்னிக்குத்தான் வாறன்" என்றார் இவர்.

இவருக்குப் பின்னால் வரிசையில் இன்னும் இருபது பேர் இருந்தார்கள். கம்பவுண்டர் புதுச் சீட்டு எழுதினார், மருந்தை ஏற்றினார், "சட்டையைத் தூக்குய்யா" என்றார். இவர் தூக்கினார். ஊசி பக்கத்தில் வந்ததும் இவர் கை தானாக எழுந்து கம்பவுண்டரின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. அந்தப் பள்ளிக்கூடத்துப் பெஞ்சு இவர் கண்ணில் தெரிகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஓடிவிடப் போகிறார் என்று நான் வாசலை மறித்துக்கொண்டு நின்றேன்.

இவர் ஓடவில்லை.

"சாமி, கோவிச்சுக்காதீங்க" என்றார். "போடட்டுமான்னு எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போடுங்க."

கம்பவுண்டர் என்னைப் பார்த்தார். நான் அழுதுகொண்டிருந்தேன். அவர் ஊசியைக் கொஞ்சம் இறக்கிப் பிடித்துக்கொண்டு, சலிப்பாகத்தான், ஆனால் கேட்டார்.

"போடட்டுமா மாரப்பா?"

இவர் அவர் கையை விட்டார்.

"போடுங்க."